மூடுல் பக்கத்தில் எண்பது கோப்புகள்: எங்கிருந்து அடுக்க ஆரம்பிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. தாவரவியல் துறை ஆசிரியை ஒருவர் மூடுலில், அதாவது இணையத்தில் பாடம் நடத்த உதவும் மென்பொருளில், இரண்டு பாடங்கள் நடத்துகிறார். ஒன்று பி.எஸ்சி. மாணவர்களுக்கான தாவர உடற்செயலியல். பெரியார் பல்கலைக்கழகத் தாள், ஐந்து அலகுகள். இன்னொன்று காபி சாகுபடி பற்றிய சான்றிதழ்ப் பாடம். ஏற்காட்டில் சொந்தமாகக் கொஞ்சம் காபி வைத்திருப்பவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எண்பது கோப்புகளுக்கு மேல் குவிந்துவிட்டன. "மேடம், அந்த பிபிடி எங்க இருக்கு?" என்று வாட்ஸ்அப்பில் தினமும் கேட்கிறார்களாம். வார அமைப்புக்கு மாற்றலாமா, எல்லாவற்றையும் ஃபோல்டரில் போட்டுவிடலாமா, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்று பூட்டுப் போடலாமா, மலைமேல் சிக்னல் கிடைக்காதவர்களுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார்.

கல்லூரிகளுக்கு மூடுல் நிறுவிக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடம், உங்கள் இரண்டு பாடங்களுக்கும் ஒரே அமைப்பு ஒத்துவராது. தாவர உடற்செயலியலை அலகு வாரியாக அடுக்குங்கள். காபியைப் பருவ வாரியாக அடுக்குங்கள். வார அமைப்பு இரண்டுக்குமே வேண்டாம். ஃபோல்டர் சில இடங்களில் மட்டும். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

நான் பார்க்கும் பாடப் பக்கங்களில் பெரும்பாலானவை ஆசிரியரின் பென்டிரைவ் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கின்றன. எதை எப்போது தயாரித்தாரோ அந்த வரிசை. இல்லையென்றால் பிபிடி எல்லாம் ஓரிடம், பிடிஎஃப் எல்லாம் ஓரிடம், வீடியோ எல்லாம் ஓரிடம். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் எந்த டிப்போ வண்டி என்று பார்த்தா நிறுத்துகிறார்கள்? எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்துத்தானே! மாணவரும் ஏதோ ஒரு தேவையை மனதில் வைத்துக்கொண்டுதான் பக்கத்தைத் திறக்கிறார். நாளைக்கு டெஸ்ட், இரண்டாம் அலகு படிக்க வேண்டும். அசைன்மென்ட்டுக்குக் கடைசி நாள் என்றைக்கு. போன வருடக் கேள்வித்தாள் கிடைக்குமா. காபி விவசாயி திறப்பது வேறு காரணத்துக்கு: செடி வாடுகிறது, தண்டில் ஓட்டை தெரிகிறது, இப்போது என்ன செய்வது. இந்த இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் இருவருக்கும் கிடைக்காது.

ஆகவே மூடுலைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இருக்கிற கோப்புகளையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மாணவர் அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். படிப்பார், பார்ப்பார், எழுதிக் கொடுப்பார், தேர்வுக்கு முன் புரட்டுவார். எதுவும் எழுத வரவில்லையென்றால் அந்தக் கோப்பு அங்கே இருக்க வேண்டியதில்லை. ஒரே பிபிடிக்கு மூன்று பதிப்பு, வேறு யாரோ அனுப்பிய ஸ்கேன் புத்தகம், 2019ல் நடந்த கருத்தரங்கின் அழைப்பிதழ் எல்லாம் இந்த இடத்தில்தான் மாட்டும். சந்தேகம் இருந்தால் பாடத்தின் ரிப்போர்ட்ஸ் பகுதியில் ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். எதை எத்தனை முறை திறந்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது என்று வரிசையாகக் காட்டும். ஒரு பருவம் முழுக்க யாரும் தொடாத கோப்புகள் எத்தனை என்று பார்த்தால் உங்களுக்கே மனசு விட்டுப்போகும். அழிக்க வேண்டாம், மறைத்து வையுங்கள். யாரும் கேட்காவிட்டால் அடுத்த வருடம் எடுத்துவிடலாம்.

இப்போது அமைப்புக்கு வருவோம். மூடுலில் தொடக்கத்திலிருந்தே தலைப்பு அமைப்பு, வார அமைப்பு இரண்டும் உண்டு. முதல் முழுப் பதிப்பு 2002 ஆகஸ்டில் வந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மார்ட்டின் டூகியாமஸ் எழுதியது. இப்போதைய பதிப்புகளில் தலைப்பு அமைப்பை கஸ்டம் செக்‌ஷன்ஸ் என்றும், வார அமைப்பை வீக்லி செக்‌ஷன்ஸ் என்றும் பார்ப்பீர்கள். வார அமைப்பில் பாடத்தின் தொடக்க நாளைக் கொடுத்தால் போதும், ஒவ்வொரு பகுதிக்கும் தேதி தானாக வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கல்லூரி நாட்காட்டி அப்படி நடப்பதில்லை. ஆடித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை, மழை விடுமுறை, விளையாட்டு விழா, துறைக் கருத்தரங்கு என்று பாடம் ஒன்றிரண்டு வாரம் பின்தங்கிவிடும். மூடுல் மட்டும் நிற்காமல் அடுத்த வாரத்துக்குப் போய் "இதுதான் இந்த வாரம்" என்று கோடிட்டுக் காட்டிக்கொண்டிருக்கும். வகுப்பில் மூன்றாம் வாரப் பாடம், திரையில் ஐந்தாம் வாரம். மாணவர் எதை நம்புவார்?

என்பிடெல் என்ற இணையவழிப் படிப்புகளில் வார அமைப்பு நன்றாக வேலை செய்கிறதே என்று கேட்கலாம். செய்கிறது. அங்கே பாடம் 4, 8 அல்லது 12 வாரம் என்று முன்கூட்டியே தீர்மானம். வாரத்துக்கு ஒரு அசைன்மென்ட், கடைசி நாள் தவறினால் தவறியதுதான். அங்கே வாரம்தான் மாணவரின் கடிகாரம். உங்கள் மாணவருக்கோ அலகுதான் கடிகாரம். கேள்வித்தாள் அலகு வாரியாக வருகிறது. உள்மதிப்பீட்டுத் தேர்வையும் "முதல் இரண்டு அலகு" என்றுதான் அறிவிக்கிறீர்கள். மாணவர்கள் பேசிக்கொள்வதும் "தேர்ட் யூனிட் முடிச்சிட்டியா" என்றுதான். அவர்கள் வாயில் இருக்கிற சொல்லே பக்கத்தின் தலைப்பாக இருக்கட்டும்.

பக்கத்தின் மேலே எண் இல்லாத ஒரு பொதுப் பகுதி இருக்கும். பெரும்பாலும் வீணாகப் போகிற இடம் இதுதான். கல்லூரிச் சின்னம், மயில் படம், நல்வரவு வாசகம், துறைத் தலைவரின் செய்தி எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். போனில் இவற்றைத் தாண்டவே இரண்டு முறை விரலை இழுக்க வேண்டும். அந்த இடத்தில் நான்கு விஷயங்கள் போதும். அறிவிப்புப் பலகை, அது மூடுல் தானாகவே உருவாக்கித் தருவது. பாடத்திட்டம் ஒரே பக்கத்தில். 25 மதிப்பெண் உள்மதிப்பீடு எதற்கு எவ்வளவு, தேதிகள் என்ன என்று ஒரு பக்கம். பழைய கேள்வித்தாள்களுக்கு ஒரு ஃபோல்டர். ஃபோல்டர் எனக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான்.

ஃபோல்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் ஓடுவது அதற்குத்தான். எண்பது கோப்பையும் எட்டு ஃபோல்டரில் போட்டால் பக்கம் பார்க்கச் சுத்தமாகிவிடும். ஆனால் குப்பை அப்படியே உள்ளேதான் இருக்கிறது, கதவை மட்டும் சாத்தியிருக்கிறோம். ஃபோல்டருக்குள் கோப்புகள் பெயர் வரிசையில் நிற்கும், நீங்கள் நினைத்த வரிசையில் இருக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக விளக்கம் எழுத இடமில்லை. "முடித்தாயிற்று" என்று குறிக்கும் வசதியும் ஃபோல்டரைத் திறந்தாரா என்று மட்டுமே பார்க்கும், உள்ளே எதைப் படித்தார் என்று பார்க்காது. ஆகவே, வரிசை முக்கியமில்லாமல் மொத்தமாகத் தேவைப்படுகிறவற்றுக்கு ஃபோல்டர் சரி: கேள்வித்தாள்கள், ஆய்வகப் படங்கள், மாதிரிப் படிவங்கள். படிக்க வேண்டிய பாடத்துக்கு வேண்டாம்.

பாடத்துக்கு பேஜ் அல்லது புக். பேஜ் என்பது மூடுலுக்குள்ளேயே எழுதுகிற ஒரு பக்கம். போன் திரைக்குத் தகுந்தபடி எழுத்து தானே மடங்கிக்கொள்ளும், தனியாக ஆப் எதுவும் வேண்டாம். புக் என்பது அத்தியாயம், துணை அத்தியாயம் என்று இரண்டு மட்டத்தில் பல பக்கங்களைக் கோத்துத் தருவது. முன், பின் பொத்தான்கள் இருக்கும், முழுவதையும் ஒன்றாக அச்செடுக்கவும் முடியும். உங்கள் இரண்டாம் அலகு ஒளிச்சேர்க்கை என்றால் ஒளிவினை, இருள்வினை, சி3, சி4 சுழற்சிகள் என்று ஒரு புக் போட்டால் இப்போது பதினைந்து வரியில் கிடக்கிற கோப்புகள் ஒரே வரிக்கு வந்துவிடும், வரிசையும் கலையாது. பிபிடி வகுப்பறைக்கான கருவி; நீங்கள் பக்கத்தில் நின்று பேசும்போதுதான் அதற்கு உயிர். மாணவர் தனியாகப் போனில் திறந்தால் நாலு புள்ளிகளும் ஒரு அம்புக்குறியும்தான் தெரியும். அதைப் போட்டே ஆக வேண்டுமென்றால் பிடிஎஃப் ஆக்கி அலகின் கடைசியில் வையுங்கள்.

ஒரு அலகுக்குள் எந்த வரிசை என்பதைவிட, ஐந்து அலகிலும் ஒரே வரிசையா என்பதுதான் முக்கியம். நான் பரிந்துரைப்பது: மேலே இரண்டு வரியில் இந்த அலகில் என்ன, எந்தத் தேர்வுக்கு வரும். அப்புறம் படிக்க வேண்டியது, பார்க்க வேண்டியது, செய்ய வேண்டியது. கடைசியில் விருப்பமிருந்தால் என்று கூடுதல் வாசிப்பு. முதல் அலகில் இந்த வரிசைக்குப் பழகிய மாணவர் ஐந்தாம் அலகில் யோசிக்காமல் கை வைப்பார். நான்காம் அலகில் மட்டும் குவிஸை மேலே தூக்கி வைத்தால், அன்றைக்கு உங்களுக்கு வாட்ஸ்அப் நிச்சயம்.

அலகு ரொம்பப் பெரிதாக இருந்தால் துணைப் பகுதிகளாகப் பிரிக்கலாம். 2024 அக்டோபரில் வந்த 4.5 பதிப்பில்தான் இந்த சப்செக்‌ஷன் வசதி வந்தது. அந்தப் பதிப்பில் நிர்வாகி இயக்கிவிட்டால்தான் தெரியும். துணைப் பகுதிக்குள் இன்னொரு துணைப் பகுதி வைக்க முடியாது, ஒரே ஒரு மட்டம்தான். அது நல்லதுக்கே, நம் ஆட்களுக்கு இடம் கொடுத்தால் ஏழு மட்டம் தோண்டுவார்கள். உங்கள் சர்வரில் பழைய பதிப்பு என்றால் டெக்ஸ்ட் அண்ட் மீடியா ஏரியா என்கிற துண்டை இடையில் வைத்து ஒரு சிறு தலைப்பு எழுதினால் போதும். முன்பு இதற்கு லேபிள் என்று பெயர்.

ஒரே பக்கத்தில் எல்லா அலகும் தெரிவதா, ஒரு பக்கத்துக்கு ஒரு அலகா என்றும் ஒரு தேர்வு இருக்கிறது. 2022ல் வந்த 4.0 முதல் இடது ஓரத்தில் பாடப் பொருளடக்கம் நிற்கிறது, எந்தப் பக்கத்திலிருந்தும் எந்த அலகுக்கும் தாவலாம். அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரு அலகு என்று வைப்பதில் இப்போது சிரமம் இல்லை.

பெயர் வைப்பதற்கு மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். "யூனிட்2 ஃபைனல் நியூ கரெக்டட்" என்ற பெயரை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்ய முடியும்? "2.3 சி4 சுழற்சி: கரும்பிலும் சோளத்திலும் நடப்பது (படிக்க, 10 நிமிடம்)" என்று எழுதினால் திறப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடலாம். அலகு எண், பொருள், என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் அல்லது எத்தனை எம்பி. மலைமேல் இருப்பவருக்கு அந்த எம்பிதான் முதல் தகவல். பொருளடக்கத்தில் நீளப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படும் என்பதால் முக்கியமான சொல் முன்னால் வரட்டும். "இதோ உங்களுக்கான" என்று ஆரம்பிக்கிற பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி வெட்டுப்பட்டு ஒரே மாதிரி தெரியும். கோப்பைத் திருத்தினால் புதிதாக ஒன்றைச் சேர்க்காதீர்கள். இருப்பதன் செட்டிங்ஸுக்குள் போய்க் கோப்பை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் ஏற்கெனவே கொடுத்த இணைப்புகள் அறுந்துபோகாது, பழையது புதியது என்று இரண்டும் நிற்காது.

இனி காபிப் பாடம். உண்மையில் எனக்கு ஆர்வம் வந்தது இந்தப் பாதியில்தான்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் தாவரவியல், மண், ரகங்கள், பூச்சி, நோய், பதப்படுத்துதல் என்று ஆறு தலைப்புகள் இருக்கின்றன. பாடப்புத்தகத்துக்கு அது சரி. தோட்டக்காரர் அப்படி யோசிப்பதில்லை. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் அராபிகா அடுத்த பத்து நாளுக்குள் பூத்துவிடும். மழை தவறினால் அந்த வருடமே ஆட்டம் காணும். அப்புறம் தென்மேற்குப் பருவமழைக் காலம். நிழல் மரக் கிளைகளைக் கழித்து விடுவது, உரம், இலைத்துரு நோய். நவம்பரிலிருந்து பழம் பறிப்பு, கூடவே பல்ப்பர் (பழத்தோலை நீக்கும் இயந்திரம்), களம், உலர்த்தல். பறித்து முடித்ததும் கவாத்து. அவருடைய வருடம் இப்படித்தான் ஓடுகிறது. ஆகவே பகுதிகளுக்கு "பூக்கும் காலம்: மார்ச் முதல் மே", "மழைக்காலம்: ஜூன் முதல் அக்டோபர்", "பறிப்பும் உலர்த்தலும்: நவம்பர் முதல் ஜனவரி", "கவாத்து: பிப்ரவரி" என்று பெயர் வையுங்கள். இது வார அமைப்பு இல்லையா என்று கேட்காதீர்கள். தேதியை மூடுலிடம் விடாமல் மாதத்தின் பெயரை நாமே எழுதுகிறோம். அதனால் மழை முந்தினாலும் பிந்தினாலும் பக்கம் பொய்யாகாது. நடக்கிற பருவத்தின் பகுதியைத் தூக்கி மேலே வைப்பது வருடத்துக்கு நான்கு முறை செய்கிற வேலை, ஒரு நிமிடம் ஆகும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். வெள்ளைத் தண்டு துளைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டு வருடத்தில் இரண்டு முறை வெளியே பறக்கிறது: ஏப்ரல், மே வாக்கில் ஒரு முறை, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் இன்னொரு முறை. தாக்கிய செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எரிக்கிற வேலை ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பே நடக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பாடம் பூக்கும் காலத்திலும் வேண்டும், மழைக்காலத்திலும் வேண்டும். காய்த் துளைப்பானும் அப்படியே: பறிப்பின்போது கீழே சிந்திய பழத்தைப் பொறுக்குவதும் அதற்கான தடுப்புதான், பறிப்பு முடிந்து செடியில் விட்டுப்போன காயைத் துடைத்தெடுப்பதும் அதற்கான தடுப்புதான்.

நகல் எடுத்து இரண்டு இடத்தில் போடாதீர்கள். ஒரு வருடத்தில் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவீர்கள். மருந்தின் அளவு போன்ற விஷயத்தில் இரண்டு பக்கம் இரண்டு எண் சொன்னால் நஷ்டம் விவசாயிக்கு. கடைசியில் "எப்போதும் தேவைப்படுவது" என்று ஒரு பகுதி வைத்து, பூச்சி, நோய், மண், ரகம் பற்றிய பக்கங்கள் எல்லாம் அங்கே குடியிருக்கட்டும். உங்கள் பழைய ஆறு தலைப்பும் வீணாகவில்லை பாருங்கள், இந்தப் பகுதிக்குள் அப்படியே வந்துவிடும். பருவப் பகுதிகளில் "இப்போது செய்ய வேண்டியது" என்று ஒரு சின்னப் பக்கம் எழுதி அங்கிருந்து இணைப்புக் கொடுங்கள். பக்கத்தில் காட்டாமல் இணைப்பு வழியாக மட்டும் திறக்க விடுகிற வசதியும் மூடுலில் உண்டு. தள நிர்வாகி அதை அனுமதித்திருந்தால், கண் சின்னத்தை அழுத்தும்போது மூன்றாவது தெரிவாக வரும். ஆனால் இந்தப் பாடத்துக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். செடியைக் காட்டி "இது என்ன நோய்" என்று தேடுகிறவர் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போகத்தான் ஆசைப்படுவார்.

அந்தச் சின்னப் பக்கத்தில் தோட்டத்தில் புழங்குகிற சொற்களை அப்படியே எழுதுங்கள். செர்ரி (காபிப் பழம்), பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி உலர்த்திய கொட்டை), பல்ப்பர், கவாத்து, சில்வர் ஓக் (நிழல் மரம்). தூய தமிழாக்குகிறேன் என்று பார்ச்மென்ட்டுக்கு ஒரு புதுப் பெயர் சூட்டினால் வியாபாரியிடம் போய் அவர் என்ன சொல்லி விற்பார்?

சிக்னல் விஷயம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு டவுனில் நெட் கிடைக்கும். உள்ளே கிராமங்களில், எஸ்டேட் பள்ளங்களில் வரும், போகும். மூடுல் ஆப்பில் பாடத்தைப் பகுதி பகுதியாக இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமல் படிக்கலாம். பேஜ், புக், கோப்பு எல்லாம் இறங்கும். யூடியூபில் ஏற்றி இங்கே ஒட்டிய வீடியோ இறங்காது. இந்த ஒரு வரிதான் உங்கள் அடுக்குமுறையையே மாற்றும். டவுனுக்கு வந்தவர் டீ குடிக்கிற நேரத்தில் ஒரு பகுதியை இறக்கிக்கொள்ள வேண்டும் என்றால் அந்தப் பகுதி எத்தனை எம்பி என்பதும் அமைப்பில் ஒரு அளவுகோல் ஆகிவிடுகிறது. நீள வீடியோக்கள் எல்லாம் ஒரே பகுதியில் இருந்தால் அது இறங்கி முடிவதற்குள் பஸ் கிளம்பிவிடும். ஸ்கேன் பிடிஎஃப்களைச் சுருக்குங்கள். கை வேலையைக் காட்டுகிற இரண்டொரு வீடியோவை மட்டும் சிறிய அளவில் நேரடியாக மூடுலில் ஏற்றுங்கள். மற்றவற்றுக்கு ஆடியோவே போதும். செடியை வெட்டிக்கொண்டே கேட்கலாம், இடமும் அடைக்காது.

வீடியோ நீளத்தைப் பற்றி எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2014ல் வெளிவந்தது. 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் நிலைத்துப் பார்த்த நேரத்தின் நடுமதிப்பு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மணி நேர வகுப்பைப் பதிவுசெய்து அப்படியே ஏற்றுகிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம். ஐம்பது நிமிடத்தை எட்டுத் துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பெயர் வைத்தாலே பாதிக் காரியம் முடிந்தது.

பூட்டுப் போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்று ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ் வைக்க முடியும். தேதி, மதிப்பெண், குழு, முந்தைய வேலை முடிந்ததா என்று பல நிபந்தனைகள் உண்டு. புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாப் பகுதிக்கும் பூட்டுப் போட்டுவிடுவார்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு நான்காம் அலகு மட்டும் படிக்க வருகிற மாணவரும், அரியர் எழுதுகிறவரும் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். விவசாயியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விடைக்குறிப்பைக் கடைசி நாளுக்குப் பிறகு திறப்பது, ஆய்வகப் பாதுகாப்புக் குறிப்பைப் படித்தபின் பதிவேட்டைத் திறப்பது போன்ற ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் வையுங்கள். முடித்ததற்கான டிக் குறியும் அப்படியே: "பார்த்தார்" என்ற நிபந்தனை, பக்கம் திறந்தது என்பதைத்தான் சொல்லும், படித்தார் என்று சொல்லாது. குவிஸுக்கும் அசைன்மென்ட்டுக்கும் வைத்தால் போதும்.

ஏ, பி என்று இரண்டு வகுப்புகள் இருந்தாலும் பாடம் ஒன்றே இருக்கட்டும். குழுக்களாகப் பிரித்து அசைன்மென்ட் கடைசி நாளை மட்டும் குழுவுக்குக் குழு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பாடமாகப் பிரித்தால் எல்லாத் திருத்தமும் இரட்டை வேலை.

அடுத்த வருட மாணவர்கள் வரும்போது பழைய பாடத்திலேயே அவர்களைச் சேர்க்காதீர்கள். பழைய அசைன்மென்ட்டுகளும் குவிஸ் பதிவுகளும், கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழு கேட்கும்போது தேவைப்படும், அவை அந்த வருடத்தோடு அப்படியே நிற்க வேண்டும். மாணவரே இல்லாத ஒரு மூலப் பாடம் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் எல்லாம் அதில். பருவம் தொடங்கும்போது அதை மாணவர் விவரம் இல்லாமல் பேக்கப் எடுத்துப் புதுப் பாடமாக மீட்டெடுங்கள். புதிய தொடக்க நாளைக் கொடுத்தால் கடைசி நாள்களும் அதே இடைவெளியில் தள்ளிப்போகும். பாடத்தின் குறும்பெயர் தளம் முழுக்க ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் தாள் குறியீட்டோடு வருடத்தையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி வங்கியையும் அலகு வாரியாகவே பிரியுங்கள், ஒவ்வொரு அலகுக்குள்ளும் எளியது, கடினமானது என்று இரண்டு வகை. அப்புறம் குவிஸில் இந்த வகையிலிருந்து ஐந்து கேள்வி என்று சொன்னால் மூடுலே ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுவிடும். மதிப்பெண் ஏடு மட்டும் அலகுப்படி இருக்கக் கூடாது. தேர்வு, அசைன்மென்ட், கருத்தரங்கு, வருகை என்று உங்கள் 25 எப்படிப் பிரிகிறதோ அப்படி இருக்கட்டும்.

இன்னொன்று உங்கள் தரக் குழுவிலிருந்து வரப்போகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். "ஸ்வயம் மாதிரி நான்கு பாகம் இருக்கிறதா" என்று கேட்பார்கள். 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் வீடியோ, எழுத்துப் பாடம், மதிப்பீடு, விவாத மேடை என்று நான்கு பாகங்கள் கட்டாயம். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை வீடியோ ஒரு பகுதி, எழுத்து ஒரு பகுதி, குவிஸ் ஒரு பகுதி, ஃபோரம் ஒரு பகுதி என்று வெட்டச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். படி, பார், செய் என்று அலகுக்குள் நாம் வைத்ததில் மூன்று பாகம் ஏற்கெனவே இருக்கிறது. அலகுக்கு ஒரு கேள்வி பதில் ஃபோரம் சேர்த்தால் நான்கும் ஆயிற்று. எந்த அலகில் எது எங்கே என்று ஒரு அட்டவணை போட்டுத் தரக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். அட்டவணை அவர்களுக்கு, வரிசை மாணவருக்கு.

எண்பது கோப்பையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்ய உட்காராதீர்கள். இப்போது நடத்துகிற அலகையும் அடுத்த அலகையும் மட்டும் ஒழுங்காக்குங்கள். காபியில் நடக்கிற பருவமும் கடைசிப் பகுதியும் போதும். முடிந்ததும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள்: உங்கள் பாடத்தில் அரியர் வைத்திருக்கிற ஒரு மாணவர், காபிப் பாடத்திலிருந்து போனை அதிகம் நோண்டாத ஒரு பெரியவர். அவர்கள் போனிலேயே மூன்று விஷயங்களைத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது, விரலால் காட்டவும் கூடாது. எங்கே நிற்கிறார்கள், எதை முதலில் அழுத்துகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பெரியவர் தண்டு துளைப்பானைத் தேடி "மழைக்காலம்" என்பதற்குள் போய் நின்றுவிட்டால் இணைப்பு அங்கே இன்னும் மேலே வர வேண்டும் என்று அர்த்தம்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் கல்லூரி சர்வர் நிர்வாகியிடம் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பு ஓடுகிறது, சப்செக்‌ஷன் இயங்குகிறதா, பதிவேற்ற வரம்பு எவ்வளவு. மூடுல் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் அமைப்பை சர்வரில் யாரும் மாற்றாமல் விட்டால் ஒரு கோப்புக்கு 2 எம்பிதான் அனுமதி. பாடத்தின் செட்டிங்ஸில் நீங்கள் எவ்வளவு தேடினாலும் தளம் அனுமதிப்பதற்கு மேல் போக முடியாது, அவர்தான் சர்வரில் கூட்டித் தர வேண்டும். ஆடியோவை ஏற்ற உட்கார்ந்த பிறகு இது தெரிந்தால் ஒரு நாள் போய்விடும்.